எட்டு ஐந்துக்கு வந்த ஒன்று

என் நாற்காலியில் இப்போது உட்காரும் அனு போன மாதம் தொலைபேசியில் கேட்டாள். "சேட்டா, கோபிச்சுக்காதீங்க. பழைய டூட்டி லிஸ்ட்டுல காலையில எட்டுலேர்ந்து பன்னெண்டு வரைக்கும் 'இணையம் பார்த்தல்'னு போட்டிருக்கு. நாலு மணிக்கூர். எனக்கு அது பத்து நிமிஷத்துல முடிஞ்சிடுது. மிச்ச நேரம் நீங்க என்ன செஞ்சீங்க?"

கோபம் வரவில்லை, வியர்த்தது. ஆடி மாதத்து வண்டிப்பெரியாரில், கம்பளிக்குள் இருக்கிற ஒருவனுக்கு வியர்ப்பது சாதாரண விஷயமில்லை.

"நம்ம சங்கத்து இணைய மலருக்கு அதையே எழுதிக் குடுங்களேன்" என்றாள். சரி என்றேன். ஐம்பத்திரண்டு வயதில் விருப்ப ஓய்வு வாங்கி, ஓரிடத்தில் உட்காரத் தெரியாமல் ஆற்றுப்பாலத்துக்கும் பேருந்து நிலையத்துக்கும் நடந்துகொண்டிருக்கிறவன் நான். ஒளிப்பதற்கு என்னிடம் என்ன இருக்கிறது? ஒன்றே ஒன்று இருக்கிறது. அதைச் சொல்லத்தான் இத்தனை பீடிகை.

தேயிலைத் தோட்டத்து லயத்தில், தொழிலாளர் வரிசைவீடு ஒன்றில், பிறந்தேன். தட்டச்சு படித்தேன். எஸ்டேட் ஆபீசில் எட்டு வருஷம் மஸ்டர் என்கிற ஆள் வருகைப் பதிவு எழுதினேன். பிறகு ஏலத்தோட்டக்காரர்கள் சங்கத்தில் வேலை கிடைத்தது. அங்கே கணினி வந்த அன்று, அதைத் தொடப் பயப்படாத ஒரே ஆள் நான்தான் என்பதால் அது என் மேசைக்கு வந்தது. என் படிப்பும் பயிற்சியும் இவ்வளவே.

வேலை இதுதான். சங்கத்து உறுப்பினர்களுக்குத் தெரிய வேண்டிய எதுவும் எந்த இணையப் பக்கத்தில் வந்தாலும் பார்த்துச் சொல்ல வேண்டும். ஏலக்காய் விலை, மழை எச்சரிக்கை, மருந்துத் தடை, தொழிலாளர் துறை உத்தரவு, கம்பம்மெட்டு வழியாகக் காய் எடுக்க வருகிற ஜீப்புகளுக்குப் பாதை உண்டா இல்லையா, கேரளத்தில் ஹர்த்தாலா, தமிழ்நாட்டில் பஸ் ஓடுகிறதா. இரண்டு மாநிலத்துக்கும் நடுவே தொங்குகிற ஊர் என்பதால் எல்லாவற்றையும் இரண்டிரண்டாகப் பார்க்க வேண்டும். முப்பத்தெட்டு பக்கங்கள். அவற்றின் முகவரிகளை ஓர் அட்டையில் எழுதி, காலண்டர் ஆணியில் மாட்டியிருந்தேன்.

ஒவ்வொரு பக்கமாகத் திறப்பேன். மேகம் இறங்கினால் இணைப்பு போகும்; மேகம் ஏறினால் வரும். சில அரசுப் பக்கங்களில் 'புதியது' என்று சிவப்பெழுத்து மினுக்கும். பாய்ந்து திறந்தால் அது மூன்று மழைக்காலமாக அங்கேயே மினுக்கிக்கொண்டிருக்கும் சங்கதியாக இருக்கும். உண்மையிலேயே புதியது எதுவோ அது மினுக்காமல், எந்த ஆரவாரமும் இல்லாமல், பக்கத்தின் அடியில் கிடக்கும். முப்பத்தெட்டில் முப்பத்தைந்தில் ஒன்றும் இருக்காது. ஒன்றும் இல்லை என்று தெரிந்துகொள்ளத்தான் அந்த நாலு மணி நேரம். மலைப்பாதையில் வீடுவீடாக ஏறி, பூட்டிய கதவைப் பார்த்துவிட்டு இறங்குகிறவனின் கால்வலி எனக்குக் கண்ணில் இருந்தது.

ஒருநாள் ஒரு பக்கத்தின் மூலையில் ஆரஞ்சு நிறத்தில் ஒரு சின்னச் சதுரம் கண்ணில் பட்டது. உள்ளே ஒரு புள்ளி, அதிலிருந்து கிளம்பும் இரண்டு வளைவுகள். அமுக்கினேன். திரை முழுக்க அம்புக்குறியும் ஆங்கிலமுமாகக் கொட்டியது. அரசாங்கத்தின் பக்கத்தை உடைத்துவிட்டேன் என்று நினைத்து, கணினியை அணைத்துவிட்டு, வராந்தாவில் போய்த் தண்ணீர் குடித்தேன். நான் தொட்டதை யாரும் பார்க்கவில்லை என்பதே அன்றைக்குப் பெரிய ஆறுதல்.

பிறகுதான் விவரம் தெரிந்தது. அதற்குச் செய்தியோடை என்று பெயர். ஓடைகளைப் படிக்க ஒரு செயலி உண்டு. அந்த முகவரியை அதில் ஒருமுறை ஒட்டிவிட்டால் போதும், அங்கே புதிதாக எது வந்தாலும் அதுவே நம்மைத் தேடி வந்துவிடும். வராவிட்டால் ஒன்றும் இல்லை என்று அர்த்தம். லயத்துக்காரனுக்கு இது உடனே விளங்கும். நாற்பது வீட்டுக் கதவையும் தட்டிச் சேதி கேட்க வேண்டாம். குழாயடியில் போய் நில். எல்லா வீடும் குடத்தோடு அங்கே வரும்.

ஓடை இல்லாத பக்கங்களையும் காவல் காத்து, மாற்றம் வந்தால் ஓடையாக்கித் தரும் சேவைகள் இருந்தன. ஒரு வாரம் உட்கார்ந்து முப்பத்தெட்டையும் சேர்த்தேன். மழை, ஏலம், சாலை, தொழிலாளர், அரசு என்று உறைகள் பிரித்தேன். கடைசியில் 'சொந்தம்' என்று ஓர் உறை. என் சிற்றிதழ்களும் கிரிக்கெட்டும் அதில். ஒவ்வோர் உறைக்கும் பக்கத்தில் அடைப்புக்குறிக்குள் ஓர் எண் நிற்கும், படிக்காமல் கிடப்பது எத்தனை என்று. முதல் நாள் எட்டு மணிக்குத் திறந்தேன். எட்டு பத்துக்கு உலகத்தில் எனக்கு வேலை இல்லை.

செகரெட்டரி வேலுச்சாமி சாரிடம் காகிதத்தைக் கொண்டுபோனேன். அவர் கொழிஞ்சாம்பாறைப் பக்கத்து விவசாயக் குடும்பம். மலைக்கு வந்து இருபது வருஷமாகியும் குளிர் அவருக்குப் பழகவில்லை. குளிருக்கும் அவர் பழகவில்லை. வருஷம் முழுக்க ஒரே காப்பிக்கொட்டை நிற ஸ்வெட்டர். யாரையும் ஒருமையில் பேச மாட்டார், நாயைக்கூட. கையில் ஒருமுனை சிவப்பும் ஒருமுனை நீலமுமான பென்சில். திரையில் எதையும் படிக்க மாட்டார்; அச்செடுத்துத் துளையிட்டுக் கொடுத்தால்தான் அது சேதி. உதடு அசைய முதல் வரியிலிருந்து கடைசி வரி வரை படிப்பார். அடிக்குறிப்பு, பக்க எண், எதையும் விடமாட்டார். முடிந்ததும் மூலையில் ஒரு சிவப்பு டிக்.

அன்று சுவர்க் கடிகாரத்தைப் பார்த்தார். காகிதத்தைப் பார்த்தார். என்னைப் பார்த்தார்.

"ஏனுங்க முருகேசு, முழுசாப் பாத்தீங்களா?"

"பாத்துட்டேன் சார்."

"எட்டரைகூட ஆகலைங்களே. அவசரமா வந்த சேதி அரைவேக்காடுங்க. மறுக்கா ஒருக்காப் பாத்துட்டு வாங்க."

மறுநாளும் இதுவே நடந்தது. செய்தியோடையைப் பற்றி நான் விளக்க ஆரம்பித்ததும் அவர் பென்சிலைச் சீவ ஆரம்பித்தார். மூன்றாம் நாள் காகிதங்களை எட்டேகாலுக்கு அச்செடுத்து இழுப்பறையில் போட்டுக்கொண்டேன். பதினொன்றரைக்குத் தலைமுடியைக் கொஞ்சம் கலைத்துவிட்டுக் கொண்டுபோனேன். படித்தார், டிக் போட்டார். "இப்பத்தானுங்க நெம்ப நல்லா வந்திருக்குது" என்றார்.

அங்கேதான் என் வீழ்ச்சி தொடங்கியது.

ஒரு முறைமை உண்டாக்கிக்கொண்டேன். எட்டேகாலுக்குச் சங்கத்து உறைகளைப் படிக்காமலே மொத்தமாக அச்செடுத்து இழுப்பறையில் போட்டுவிடுவேன்; படிப்பது அதற்குப் பிறகு. எட்டரைக்கு மழை உறை, ஒன்பதுக்கு ஏலம், ஒன்பதரைக்குச் சாலை, இப்படி அரை மணிக்கு ஒன்று. மழையும் சாலையும் அவசரமானவை என்பதால் அவற்றை மட்டும் வந்ததும் எட்டிப் பார்ப்பேன். பாதை அடைப்பு என்றால் ஓடிப்போய்ச் சொல்லிவிடுவேன். அவ்வளவு கெட்டவன் இல்லை. மற்றவை தம் முறைக்குக் காத்திருக்கும். கால் மணிக்கு ஒருமுறை பெருமூச்சு. யாராவது கடந்து போனால் கண்ணைக் கசக்குதல். 'சொந்தம்' உறையைக் கடைசியில், பதினொன்றே முக்காலுக்குத்தான் தொடுவேன். ஆபீஸ் நேரத்தில் சொந்த வேலை பார்ப்பது தப்பு என்பதில் நான் கறாரானவன்.

மிச்ச நேரத்தில் என்ன செய்தேன் என்று கேட்டாயே அனு, ஜன்னலைப் பார்த்தேன். பெரியாற்றின் மேலிருந்து பனி எழுந்து, தேயிலைச் சரிவில் முழங்கால் போட்டு ஏறி, சர்ச்சின் கோபுரத்தை முதலில் கழுத்து வரைக்கும் பிறகு முழுசாகவும் வாங்கிக்கொள்ளும். அதை எழுத நினைத்தேன். மூன்று நோட்டுப் புத்தகங்கள். பனி என்பது பஞ்சு, அடித்தேன். பால், அடித்தேன். மலையின் மூச்சு, வெட்கப்பட்டு அடித்தேன். இரண்டு வருஷம் சங்கத்துச் சம்பளத்தில் பனிக்கு ஓர் உவமை தேடினேன்.

இந்த நாட்களில்தான் செல்லத்தாயி கேட்டாள். ஆபீசைக் கூட்டிப் பெருக்கி, பத்தரைக்கு டீ போட்டுத் தருகிறவள். மகள் முத்துலட்சுமி நர்சிங்குக்கு விண்ணப்பித்து, கட்டப்பனைக்கு அந்தப் பக்கம் ஒரு கல்லூரியில் காத்திருப்போர் பட்டியலில் இரண்டாவதாக இருந்தாள். யாராவது ஓர் இடத்தை விட்டுப் போனால் கல்லூரி தன் பக்கத்தில் அறிவிப்புப் போடும். அன்றைக்கே நேரில் போக வேண்டும். லயத்தில் போனுக்கு ரேஞ்ச் கிடையாது. சிலுவை நிற்கிற குருசடி மேட்டில் ஏறி நின்றால் ஒரு கோடு வரும், அதுவும் தமிழ்நாட்டு டவர்.

"அண்ணே, நீங்க தெனம் அத்தனையும் பாக்கீங்கள்ல. எம்மவ காலேசையும் அதோட ஒரு பார்வை பாத்துச் சொல்லுங்கண்ணே. இந்த வருசம் போச்சுன்னா அவ சித்தப்பன் மாப்ள பாக்க ஆரம்பிச்சிருவான். ஏற்கெனவே ஒருத்தன் ரெண்டு தடவ வந்து மிச்சர் தின்னுட்டுப் போயிட்டான்."

சேர்த்தேன். சங்கத்து வேலை இல்லையே, அதனால் 'சொந்தம்' உறையில் சேர்த்தேன்.

தினமும் டீ வைக்கும்போது கேட்பாள். "சேதி எதாச்சும்?" "ஒன்றும் இல்லை" என்பேன். முந்தைய நாள் பதினொன்றே முக்கால் வரைக்கும் அது உண்மை.

அந்த நாள் மழை பிசுபிசுத்துக்கொண்டிருந்தது. பனிக்கு ஓர் உவமை கிட்டத்தட்டக் கைக்கு வந்துவிட்ட மாதிரி இருந்தது. துவைத்துப் போட்ட ஏதோ ஒன்று, என்ன துணி என்றுதான் தெரியவில்லை. செல்லத்தாயி டீயை வைத்தாள்.

"சேதி எதாச்சும்?"

"ஒன்றும் இல்லை."

அவள் போகவில்லை. திரையைப் பார்த்துக்கொண்டு நின்றாள். இங்கிலீஷ் தெரியாது, எண் தெரியும். "ஏண்ணே, மேல எல்லாத்துலயும் ஒன்னும் இல்ல. கடைசியில மட்டும் ஒன்னுன்னு நிக்கே, அது என்ன?"

சொந்தம், அடைப்புக்குறிக்குள் ஒன்று. காலையிலிருந்தே அது அங்கேதான் நின்றது. நானும் பார்த்துக்கொண்டேதான் இருந்தேன். அதன் நேரம் இன்னும் வரவில்லை என்று விட்டிருந்தேன்.

திறந்தேன். ஓர் இடம் காலி. காத்திருப்போர் பட்டியலில் முதல் இரண்டு பேரும் இன்று பன்னிரண்டரைக்கு முன் அசல் சான்றிதழ்களோடு நேரில் வர வேண்டும். முதலாமவர் வராவிட்டால் இரண்டாமவருக்கு. தலைப்புக்குப் பக்கத்தில் வந்து சேர்ந்த நேரம் இருந்தது. எட்டு ஐந்து.

அப்போது மணி பத்து முப்பத்திரண்டு.

கட்டப்பனைப் பஸ் போய்விட்டிருந்தது. ஆபீசில் ஒரு ஜீப் உண்டு. அது செகரெட்டரி ஓட்டுவது. அவர் ஓட்டுவதைப் பார்த்தவர்கள் நடந்தே போய்விடுவார்கள். வளைவுக்கு வளைவு வண்டியை நிறுத்தி, மூன்று முறை ஹாரன் அடித்து, பதில் வராவிட்டால் இன்னொரு முறை அடித்துவிட்டுத்தான் திரும்புவார். அவர் அறைக்கு ஓடிப்போய்ச் சொன்னேன்.

"அச்செடுத்துக் கொண்டாங்க."

"சார், நேரமில்லை."

"கொண்டாங்க."

எங்கள் அச்சு இயந்திரம் ஒரு காகிதத்தைத் துப்புவதற்குள் ஒரு ஏலச்செடி காய்த்துவிடும். கொண்டுபோய் வைத்தேன். முதல் வரியிலிருந்து கடைசி வரி வரை உதடு அசையப் படித்தார். சிவப்பு முனையைத் திருப்பினார். வழக்கமான மூலையில் டிக் போடாமல், எட்டு ஐந்து என்பதைச் சுற்றி ஒரு வட்டம் போட்டார். என் காது சூடானது. அவர் காகிதத்தை மடித்து ஸ்வெட்டருக்குள் வைத்துக்கொண்டு எழுந்தார்.

"போலாமுங்க."

லயம் ஒழுகும் என்று முத்துவின் சான்றிதழ்களை அவள் அம்மா எங்கள் இரும்பு பீரோவிலேயே வைத்திருந்தது அன்றைய முதல் அதிர்ஷ்டம். இரண்டாவது, முத்து அன்றைக்குத் தற்காலிக ஆளாகக் கொழுந்தெடுத்துக்கொண்டிருந்த சரிவு ரோட்டோரத்திலேயே இருந்தது. ஜீப்பிலிருந்தே செல்லத்தாயி கத்தினாள்.

"ஏட்டி முத்து, கூடையைப் போட்டுட்டு ஏறுடி."

"என்னம்மா, யாருக்கு என்னாச்சு?"

"ஒனக்குத்தான்டி ஆச்சு. ஏறு."

நனையாமல் இருக்க இடுப்பில் கட்டிய படங்குச் சாக்கோடேயே அவள் ஏறினாள். கூட நின்ற ஆறு பெண்களும் ரோடு வரைக்கும் வந்து, விஷயம் தெரிந்ததும் வண்டியைத் தள்ளிவிடத் தயாரானார்கள். அதற்கு அவசியம் இருக்கவில்லை. வேலுச்சாமி சார் அன்று ஓட்டிய ஓட்டத்தை நான் இன்றும் சில சமயம் கால்விரல்களில் உணர்கிறேன். எந்த வளைவிலும் நிற்கவில்லை. ஹாரனைத் தொடவே இல்லை. ஓர் இறக்கத்தில் முத்து, "சார், நர்சாகத்தான் போறேன், நோயாளியாக இல்ல" என்றாள். "பேசாம இருங்கம்மா" என்றார் அவர்.

பாதி வழியில் மரம் விழுந்து வெட்டிக்கொண்டிருந்தார்கள். பத்து நிமிஷம் நின்றோம். தார்ப்பாய் மேல் மழை சடசடத்தது. பின்னால் அம்மாவும் மகளும் சான்றிதழ்களை வரிசைப்படுத்திக்கொண்டிருந்தார்கள். செகரெட்டரி கண்ணாடியைப் பார்த்தபடியே தாழ்ந்த குரலில் பேசினார்.

"ரெண்டு வருசமா நீங்க குடுக்கற ஒவ்வொரு கடுதாசியோட அடியிலயும் அச்செடுத்த நேரம் இருக்குதுங்க. எட்டேகால், எட்டு இருவது. நீங்க கொண்டாறது பதினொன்றரைக்கு. நான் கடைசி வரி வரைக்கும் படிக்கறவன் முருகேசு."

 "ஏன் சார் சொல்லல?" என்றேன்.

"சொன்னா என்னாகும்? உங்க வேலை பத்து நிமிசம்னு கமிட்டிக்குத் தெரிஞ்சுபோகும். ஆளு எதுக்குன்னு எடுத்துருவாங்க. அப்புறம் அந்த முப்பத்தெட்டையும் நான் பாக்கோணும்." கண்ணாடியில் படிந்த ஆவியை ஸ்வெட்டர் கையால் துடைத்தார். "நானும்தானுங்க பதினொன்றரை வரைக்கும் கதவைச் சாத்திட்டு இருந்தேன். நீங்க சீக்கிரம் வந்துட்டா நானும் சீக்கிரம் படிக்கோணுமுங்களே."

கதவைச் சாத்திக்கொண்டு அவர் என்ன செய்தார் என்று நான் கேட்கவில்லை.

பன்னிரண்டு பதினெட்டுக்குப் போய்ச் சேர்ந்தோம். ஆஸ்பத்திரியோடு ஒட்டியிருந்த கல்லூரியின் கவுண்டரில் இருந்தவர் படங்குச் சாக்கையும், சேற்றுக்காலையும், செகரெட்டரியின் இடதுகால் சாக்ஸ் முழுக்க ரத்தமாக இருந்ததையும் பார்த்து, "காஷுவாலிட்டி அந்தப் பக்கம்" என்றார். முத்துவோடு தேயிலையிலிருந்து ஏறி வந்த அட்டை ஒன்று, வழியெல்லாம் அவர் காலில் நிதானமாகச் சாப்பிட்டிருந்தது. அவசரப்படாமல் வேலை செய்த ஒரே ஜீவன் அன்று அதுதான்.

"அட்மிஷனுக்கு" என்றாள் முத்து.

சான்றிதழ்கள் சரி. ஆனால் பட்டியலில் முதல் பெயர்க்காரி இன்னும் வரவில்லை. பன்னிரண்டரை வரைக்கும் பார்ப்போம் என்றார்கள். பெஞ்சில் உட்கார்ந்தோம். எதிரே கடிகாரம். வாசலில் ஒவ்வொரு ஆட்டோ நிற்கும்போதும் நாலு தலையும் திரும்பியது. "பஸ் பஞ்சராகியிருக்கும்" என்று செல்லத்தாயி முணுமுணுத்தாள். உடனே பதறி, ரெண்டு கன்னத்திலும் போட்டுக்கொண்டாள். கொஞ்சம் பொறுத்து, "சின்ன பஞ்சர்தான்" என்றாள்.

பன்னிரண்டரைக்கு யாரும் வரவில்லை. முத்துவின் பெயரை எழுதினார்கள்.

வராமல் போன அந்தப் பெண்ணை நான் பார்த்ததே இல்லை. அவளுக்கும் எங்கேயோ ஒரு லயம் இருந்திருக்கும், ரேஞ்ச் இல்லாத ஒரு மேடு இருந்திருக்கும், பார்த்துச் சொல்கிறேன் என்று ஒருவன் ஜன்னலோரம் உட்கார்ந்திருக்கவும் கூடும்.

திரும்பும் வழியில் செகரெட்டரி வளைவுக்கு வளைவு நின்று ஹாரன் அடித்தார். மறுநாள் என்னைக் கூப்பிட்டு, "இனிமே எட்டேகாலுக்கே குடுத்துருங்க" என்றார். நான் வாசலைத் தாண்டுவதற்குள், "பதினொன்றரைக்கும் ஒருக்கா குடுங்க, ஃபைலுக்கு" என்றார். 'சொந்தம்' உறையை எல்லாவற்றுக்கும் மேலே கொண்டுபோனேன். சேதி பரவி, சாந்தன்பாறை வரைக்கும் ஆட்கள் கேட்டு வந்தார்கள். ஜீப் டிரைவர்களின் பிள்ளைகளுக்குத் தேர்வு முடிவு, கொழுந்தெடுக்கிறவளின் தம்பிக்கு அரசு வேலை அறிவிப்பு, ஒரு கிழவருக்குத் தென்காசிப் பக்கத்துக் கோயில் கொடை எப்போது என்று. அந்த உறையில் எண் ஏறிக்கொண்டே போனது. மிச்சமான நேரம் எல்லாம் அங்கே போய்விட்டது. நாலாவது நோட்டு வாங்கவே இல்லை.

செல்லத்தாயி மட்டும் மாறிவிட்டாள். ஏலக்காய்ச் சங்கத்து டீயில் ஏலக்காய் இருக்காது, நல்லதெல்லாம் விற்பதற்கு. அன்றிலிருந்து என் கிளாசில் மட்டும் ஒரு காய் தட்டிப் போட்டிருப்பாள், லயத்துக்குப் பின்னால் அவள் வைத்திருந்த ரெண்டு செடியிலிருந்து. நான் ஓய்வு பெறும் நாள் வரைக்கும். யார் வந்தாலும் சொல்வாள்: "அண்ணன் கண்ணு பூத்துப்போகப் பாத்து ஒக்காந்திருந்தாக. அதான் எம்மவளுக்கு சீட்டு." அந்த டீயைக் குடிக்கும்போதெல்லாம் எனக்கு எட்டு ஐந்துதான் நினைவுக்கு வரும்.

முத்து இப்போது கோட்டயத்தில் ஓர் ஆஸ்பத்திரியில் நர்ஸ். போன வருஷம் அவள் போனில் நானே செய்தியோடைச் செயலி போட்டுக் கொடுத்தேன். முதல் ஓடையாக நம் சங்கத்து இணைய மலரைச் சேர்த்தேன். என்னைப் போல இல்லை அவள். எண் வந்ததும் திறந்துவிடுகிறவள். இதை அனு காலை எட்டு மணிக்கு ஏற்றினால் எட்டு ஐந்துக்கு முத்துவிடம் ஒன்று என்று நிற்கும். இன்றும் ஆபீசில் டீ போடுகிற அம்மாவைப் பத்தரைக்குள் கூப்பிட்டு வாசித்துக் காட்டிவிடுவாள். காட்டட்டும்.

செல்லத்தாயி, அது காலையிலேயே வந்துவிட்டது. பத்தரைக்கு நீ கேட்கும்வரை நான் பனிக்கு உவமை தேடிக்கொண்டிருந்தேன். அதுவும் கிடைக்கவில்லை. அடுத்த வாரம் ஆபீசுக்கு வருகிறேன். கிளாசில் காய் கிடக்கிறதா இல்லையா என்று குடித்துப் பார்த்துத் தெரிந்துகொள்கிறேன்.